சாவிக்கொத்துச் சித்தப்பா

ஸ்பெயினுக்குப் போகிற சித்தப்பாக்களில் ஒரு ரகம் உண்டு. பார்சிலோனாவில் கூட வந்தவர்களெல்லாம் சாக்ரடா ஃபமிலியா தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் கண் மட்டும் எதிர்ச்சாரியில் சாவிக்கொத்து தொங்கும் கடைமேல் இருக்கும். சட்டைப்பையில் ஒரு பட்டியல்: அண்ணன் பிள்ளைகள், மச்சினி பிள்ளைகள், ஒன்றுவிட்ட தங்கையின் கைக்குழந்தை. கட்டடக் கலைஞர் கௌடியின் கோபுரம் எங்கே ஓடிவிடப் போகிறது?

தலைக்கு மூன்று யூரோ என்பது இவருடைய சட்டம். சாமான் உடையக் கூடாது, கனக்கக் கூடாது, பார்த்தால் பத்து யூரோ மதிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரியாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகள் சண்டை போடுவார்களே என்றல்ல, அவர்களைப் பெற்றவர்களுக்குப் பயந்துதான். "அவ பொண்ணுக்கு விசிறி, என் பையனுக்கு வெறும் காந்தமா?" என்று ஒரு வார்த்தை வந்தால், அது பொங்கல் வரை ஓடும்.

லா ராம்ப்ளா பக்கத்துக் கடைகளில் கல்லாவில் இருப்பவர் பல நேரம் பஞ்சாபியோ பங்களாதேஷ்காரரோதான். ஆயுசுக்கும் இந்தி பக்கம் தலைவைத்துப் படுக்காத சித்தப்பா, தெரிந்த ஒரே சொல்லான 'கித்னா'வை ஸ்பெயினில்தான் முதன்முதலாக எடுத்து விடுவார். விலைச்சீட்டைக் கடைக்காரர் காட்டுவார். "அது ஒண்ணுக்கு. ஆறு எடுத்தா?" என்று தமிழிலேயே கேட்டு விரலை விரிப்பார் இவர்.

பார்க் குவெல்லில் கௌடி பீங்கான் சில்லுகளால் இழைத்து வைத்த பல்லி, கடையில் உள்ளங்கை அளவில் கிடைக்கும். சித்தி முகம் சுளிப்பார். "ஏங்க, போயும் போயும் பல்லியையா கொண்டுபோய்க் குடுப்பாங்க?" "பல்லி இல்லடி, கலை." ஆனாலும் பல்லி திரும்ப அலமாரிக்கே போய்விடும்.

அடுத்து கருப்புக் காளை. "நம்ம ஜல்லிக்கட்டு மாதிரி" என்று சித்தப்பாவுக்கே புல்லரிக்கும். அந்தக் காளை பிறந்தது 1956-ல், ஆஸ்போர்ன் கம்பெனி பிராந்திக்குச் சாலையோர விளம்பரமாக. விளம்பரப் பலகைகளை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தபோது ஊரே காளை பக்கம் நின்றது. 1997-ல் உச்ச நீதிமன்றமும் அதை விட்டுவைத்தது. ஆக, எல்.கே.ஜி. குழந்தையின் பென்சில் டப்பாவில் ஒட்டிக்கொள்ளப் போவது பிராந்தி விளம்பரம். இதைச் சித்தப்பாவிடம் சொல்லிப் பயனில்லை, பில் போட்டாயிற்று.

கலப்படமில்லாத ஸ்பெயின் சரக்கு ஒன்று அந்த விலைக்குக் கைநிறையக் கிடைக்கும்: சுப்பா சுப்ஸ் மிட்டாய். 1958-ல் என்ரிக் பெர்நாத் ஆரம்பித்தது. 1969-ல் அதற்குச் சின்னம் வரைந்து கொடுத்தவர் சாட்சாத் சால்வதோர் டாலி. ஓவியர் கைபட்ட பொருள், பிள்ளைகளும் உண்மையிலேயே சந்தோஷப்படும். சித்தப்பா தொடமாட்டார். "இது நம்ம தெருமுனையிலேயே கிடைக்குதே. ஸ்பெயின் போயிட்டு வந்தேன்னு யார் நம்புவா?"

சாமான்களின் ஸ்பெயின் பிறப்புச் சான்றிதழ் ஹோட்டல் அறையில்தான் தயாராகும். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, 'மேட் இன் சைனா' ஒட்டியிருக்கும் இடத்தை வாஷ்பேசின் வெந்நீரில் ஊறவைத்து, கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவார். காகிதம் போய்விடும், பசை போகாது. அந்தப் பிசுக்கின் மேல் சித்தியின் பவுடரை ஒரு சிட்டிகை தூவி ஊதிவிடுவார்.

வரி விஷயத்திலும் ஆள் கில்லாடி. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் வரியைத் திரும்பப் பெற, ஸ்பெயினில் 2018 முதல் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. இதை எங்கோ படித்து வைத்திருப்பார். பதினெட்டு யூரோ பில்லில் 21 சதவீத வரி மூன்று யூரோவுக்குக் கொஞ்சம் மேலே. அதாவது ஒரு சாவிக்கொத்து ஓசி. கல்லாவில் நின்று வரிப்படிவம் கேட்பார். கடைக்காரர் சாவிக்கொத்துகளைப் பார்ப்பார், சித்தப்பாவைப் பார்ப்பார், பின்னால் நீளும் வரிசையைப் பார்ப்பார். பிறகு ஒரு காந்தத்தைச் சும்மாவே பையில் போட்டுவிடுவார். வரிக்கும் அதற்கும் சரியாய்ப் போயிற்று.

இத்தனைக்குப் பிறகும் பட்டியலில் ஒரு பிள்ளை விட்டுப்போயிருக்கும். கடைசி நாள் அவசரத்தில் கையில் அகப்படுவது சிவப்புக் குல்லாய் போட்டுக் குந்தியிருக்கும் குடியானவன் பொம்மை. முகத்தில் அப்படியொரு சாந்தம். முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுவார். அது ககனேர். கத்தலோனியாவில் கிறிஸ்துமஸ் குடிலின் ஒரு மூலையில் ஒதுங்கிக் காலைக்கடன் கழித்துக்கொண்டிருப்பவர். மண்ணுக்கு எரு, வருஷத்துக்கு விளைச்சல் என்று அங்கே அதற்கு மங்கலமாகவே பொருள் சொல்வார்கள்.

நவராத்திரிக்கு அவர் மூன்றாம் படியில், செட்டியார் கடைக்குப் பக்கத்தில் ஏறுவார். சுண்டல் வாங்க வந்த மாமி கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கும்வரை யாருக்கும் விஷயம் தெரியாது.

"இதை யாரு வாங்கிட்டு வந்தது?"

"ஸ்பெயின் சித்தப்பா."

பாட்டி மட்டும் அசரமாட்டாள். "கொலுன்னா ஊர்ல இருக்கற எல்லாரும்தான் இருப்பாங்க. முகம் தெரியற மாதிரி திருப்பி வை."