தானாக விலகியவர்
ஓராண்டு வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமே எழுதி வைத்தது. ஐ.டி. கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு எதற்கு? அங்கே யாரையும் நீக்குவதே இல்லையே! எச்.ஆர். அறைக்கு அழைத்து உட்காரவைத்து, ராஜினாமா கடிதத்தையும் அவர்களே அடித்து நீட்டுகிறார்கள் (என்ன கரிசனம்!). மாலைக்குள் கையெழுத்திட்டால் அனுபவச் சான்றிதழ் உண்டு. லேபர் கோர்ட்டுக்குப் போனால், "இவர் தொழிலாளியே அல்ல, மேனேஜர்" என்பார்கள். மேனேஜருக்குக் கீழே ஒரு லேப்டாப் இருந்தது, அதையும் வாங்கிவிட்டார்கள். பதவிப் பெயரை அல்ல, செய்த வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாயிற்று. ஆகவே பேனாவை மூடி வையுங்கள். நீக்குகிற வேலையை அவர்களே செய்யட்டும்.