நம்ம மாதிரி ஆளுங்க

வீடு வாங்கக் கிளம்பிய தமிழனைப் போல் உஷாரான பிராணி உலகத்தில் கிடையாது. முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்ப்பான். மூலப்பத்திரம் எங்கே என்பான். சி.எம்.டி.ஏ. அப்ரூவல், ரெரா எண், ஈசானிய மூலை, கார் பார்க்கிங் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு குரலைத் தாழ்த்துவான். "இங்க யாரெல்லாம் வாங்கியிருக்காங்க?"

இந்தக் கேள்விக்காகவே விற்பனைப் பையனுக்குச் சம்பளம். "எல்லாம் டீசன்ட் பீப்பிள் சார். நம்ம மாதிரி ஆளுங்கதான்."

சந்தித்து அரை மணி ஆகவில்லை, அதற்குள் இருவரும் எப்படி 'நம்ம' ஆனார்கள்? மாடல் பிளாட்டுக்குப் போகும் வழியிலேயே பையன் வேலையை முடித்துவிட்டான். சொந்த ஊர் எது சார்? திருநெல்வேலிப் பக்கம். பக்கம்னா? ஊர் பெயர் வந்தது. அங்க எந்தத் தெரு சார்? பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டிக்கொள்வதை என்றைக்கோ ஒழித்த மாநிலம் என்று மேடையில் மார்தட்டுகிறோமே, அந்த மாநிலத்தில் சாதி இப்போது தெருப் பெயரில் குடியிருக்கிறது. தெருவிலும் பிடிபடாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, "சார் வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" முதுகைத் தட்டிப் பூணூல் தடவிப் பார்த்த காலத்தைவிட இது எவ்வளவு நாகரிகம்!

ஒத்த மனமுள்ளவர்கள் கூடி வாழும் இடம் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அப்படி எதில்தான் மனம் ஒத்திருக்கிறது? மெயின்டனன்ஸ் ஏற்றக்கூடாது என்பதில். முஸ்லிமுக்கு வாடகைக்கு விடக்கூடாது என்பதில். தனியாக இருக்கும் பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று கேமராவில் பார்ப்பதில். மற்றபடி பொங்கலுக்கு கிளப் ஹவுஸில் வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொண்டால் சமுதாய வாழ்க்கை முடிந்தது. மறுநாள் பார்க்கிங் கோட்டுக்காக அசோசியேஷன் செயலாளரின் சட்டையைப் பிடிப்பார்கள்.

லிப்ட் வாசலில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படித்திருக்கிறீர்களா? வீட்டு வேலை செய்பவர்கள், டெலிவரி ஆட்கள், நாய்கள் சர்வீஸ் லிப்ட்டைப் பயன்படுத்தவும். ஒரே வரியில் மூன்று பேர், அதிலும் நாய் கடைசி. லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள், அரசியல் சாசனத்தின் முகப்புரை மாதிரி. காலையில் இவர்கள் குழந்தைக்கு ஊட்டி, குளிப்பாட்டி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் கை, மாலையில் கேட்டைத் தாண்டும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும்.

அந்தக் கை எங்கிருந்து வருகிறது? ஓ.எம்.ஆர். பக்கம் என்றால் பெரும்பாலும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்களை வெள்ளத்தைக் காட்டி வேரோடு பிடுங்கி, நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளில் கொட்டினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்கத்தான் இந்த வட்டாரம் வளர்ந்தது. அதே வட்டாரத்தில், அதே தண்ணீர் வழியில் நீச்சல் குளத்தோடு நிற்பது 'பிரீமியம் கம்யூனிட்டி'. அந்தப் பக்கம் நிற்பது, பையன் கையை ஆட்டி மறைக்கும் 'அந்த ஏரியா'. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினாலே வேலை கிடைக்காமல் போன பிள்ளைகள் அங்கே உண்டு. பத்துப் பாத்திரம் தேய்க்க மட்டும் அந்த முகவரி உறுத்துவதில்லை.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது படகைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள் மீனவர்கள். மாடியில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவராவது, இது நான்வெஜ் படகு, எனக்கு வேறு அனுப்புங்கள் என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. தண்ணீர் வடிந்ததும் காகிதத்தை மறுபடி ஒட்டிவிட்டார்கள்.

சட்டம் கேட்காதா என்கிறீர்களா? 2005-ல் அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகள் மட்டும்தான் உறுப்பினராகலாம் என்ற துணைவிதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் ஊர் அசோசியேஷன்களுக்குத் துணைவிதிகூட வேண்டியதில்லை, ஒரு வாட்ஸ்அப் குழு போதும்.

இதே தமிழ்நாட்டில்தான் 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடு. தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. அடுத்தடுத்த வாசல்கள். அந்தத் திட்டத்திலும் ஆயிரம் குறை சொல்லலாம், வீடுகளைப் பராமரிக்காமல் விட்டது உட்பட. ஆனால் பக்கத்து வீட்டில் யார் என்ற கேள்வியை அரசே எடுத்துக்கொண்டு ஒரு பதில் சொன்னது. ஏழை அந்தப் பதிலோடு வாழ்ந்து பார்க்க வேண்டும். ஒன்றரைக் கோடி கொடுப்பவருக்கு மட்டும் பக்கத்து வீட்டைத் தேர்ந்தெடுக்கும் சலுகை. பணம் கட்டி வாங்கினால் ஊர்த்தெரு, இலவசமாகக் கொடுத்தால் சமத்துவம்!

அடுத்த ஞாயிறு சைட் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அக்கம்பக்கம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. வாட்ச்மேனுக்குக் கழிப்பறை எங்கே, வேலைக்கு வருகிற அம்மா மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார், கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு வந்தால் இயந்திரம் இறங்குமா, மனிதனை இறக்குவீர்களா என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.