மந்தமே இல்லை, ஷட்டர்தான் இறங்கியது

2019 செப்டம்பர் 10. சென்னை. மத்திய அரசின் இரண்டாவது பதவிக்காலம் நூறு நாளைக் கடந்த கொண்டாட்டம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். வண்டிகள் ஏன் விற்கவில்லை என்று கேட்டார்கள். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, இக்கால இளைஞர்களின் மனப்போக்கு. இ.எம்.ஐ. கட்டி வண்டி வாங்குவதைவிட ஓலா, ஊபரில் போவதையே அவர்கள் விரும்புகிறார்களாம்.

அடடா. அதுவரை நாம் காசில்லாததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு முந்தைய நாள்தான் வாகன உற்பத்தியாளர் சங்கம் ஆகஸ்ட் மாதக் கணக்கை வெளியிட்டிருந்தது. இருசக்கர வாகனங்கள் 15.14 லட்சம். முந்தைய ஆண்டு அதே மாதம் 19.47 லட்சம். 22 சதவீதச் சரிவு. அமைச்சரின் கணக்குப்படி நாலேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே மாதத்தில் பைக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊபரில் ஏறிப் போயிருக்கிறார்கள். திருவாடானைப் பக்கம் விடிகாலையில் இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர், ஆப்பில் கார் வரவழைத்து, கேன்களை டிக்கியில் அடுக்கி, ஓட்டுநருக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருக்க வேண்டும். பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நிதியமைச்சர் ஒருவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அந்தப் பருவத்தில் ஞானம் எல்லாத் திசையிலிருந்தும் பொழிந்தது. பீகார் துணை முதல்வராக இருந்த சுஷில் குமார் மோடி, ஆடி ஆவணியில் மந்தம் வருவது வருஷா வருஷம் நடப்பதுதானே என்றார். நம்மூர் ஆடிக்காவது தள்ளுபடி உண்டு. மத்திய அமைச்சர் பியூஷ் கோயல், ஜி.டி.பி. கணக்கையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஐன்ஸ்டீன் புவியீர்ப்பு விசையைக் கண்டுபிடிக்கக் கணக்கா உதவியது என்று கேட்டார். நியூட்டன் குடும்பத்தார் வழக்குப் போடவில்லை. அக்டோபரில் இன்னொரு மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத், ஒரே நாளில் மூன்று படங்கள் 120 கோடி வசூலித்திருக்கின்றன, பொருளாதாரம் நன்றாக இல்லாமலா என்றார். மறுநாள் வாபஸ் வாங்கினார். 2020 பிப்ரவரியில் வீரேந்திர சிங் மஸ்த் என்ற எம்.பி. சிகரம் தொட்டார். மந்தம் இருந்தால் நாம் கோட்டும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டா வந்திருப்போம், வேட்டி குர்தாவில் அல்லவா வந்திருப்போம் என்றார். வேட்டி கட்டியே பிறந்து வளர்ந்த நமக்கு அது பெரிய தகவல். நாம் எப்போதுமே மந்தத்தில்தான் இருந்திருக்கிறோம்.

இந்தக் கச்சேரி நடந்தபோது ஷட்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. 2019 ஏப்ரலோடு முடிந்த 18 மாதங்களில் 271 ஊர்களில் 286 வாகன ஷோரூம்கள் மூடப்பட்டன, 32,000 பேருக்கு வேலை போயிற்று என்று டீலர்கள் சம்மேளனம் கணக்குச் சொன்னது. அதன்பின் மே, ஜூன், ஜூலை. இந்த மூன்றே மாதத்தில் மேலும் சுமார் 2 லட்சம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்றது அதே சம்மேளனம். வாட்டர் வாஷ் பையன், மெக்கானிக், கேஷ் கவுண்டர் பெண், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஃபைல் தூக்குகிறவர், டெலிவரி அன்று டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர். மனப்போக்கு மாறியது அவர்களுக்குத்தான். சோற்றைப் பற்றிய மனப்போக்கு.

இந்த வியாபாரம் நடக்கும் லட்சணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாதம் பிறந்ததும் பேப்பரில் வருமே, இந்தக் கம்பெனி இத்தனை லட்சம் வண்டி விற்றது என்று? அதில் பெரும்பாலானவை உங்களுக்கும் எனக்கும் விற்றவை அல்ல. ஃபேக்டரியிலிருந்து லாரி ஏறி டீலரின் குடோனில் இறங்கியவை. இலை போட்டவுடனேயே சாப்பிட்டுவிட்டதாகக் கணக்கெழுதுவது போல. வண்டி டீலர் பெயருக்கு பில் ஆனால் போதும், கம்பெனிக்கு விற்பனை முடிந்தது, பணமும் வந்தது. பணம் எங்கிருந்து வந்தது? டீலர் வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் வாங்கிய கடனிலிருந்து. வண்டி குடோனில் தூங்கும். வட்டி தூங்காது.

மாதக் கடைசியில் ஷோரூமுக்குள் நடக்கும் உரையாடலை ஊருக்கு ஊர் சொல்வார்கள். டை கட்டிய இளைஞர் வருவார். ஏரியா மேனேஜர்.

“சார், இந்த மாசம் ஒரு நூறு வண்டி மட்டும் பில் பண்ணிக்குங்க.”

“தம்பி, போன மாசத்து வண்டியே முந்நூறு நிக்குது. நிக்க வைக்க இடமில்லாம கல்யாண மண்டபத்த வாடகைக்குப் புடிச்சிருக்கேன்.”

“டார்கெட் சார். எடுக்கலேன்னா ஓடுற மாடலை அடுத்த மாசம் கொடுக்க முடியாது. நான் என்ன சார் பண்றது, மேல கேக்குறாங்க.”

தம்பிக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர், எல்லோருக்கும் மேலே பங்குச் சந்தை. ஓடுகிற வண்டி பத்து வேண்டுமென்றால் ஓடாத வண்டி முப்பது எடுக்க வேண்டும். ஆக, கம்பெனியின் கணக்கிலேயே 22 சதவீதச் சரிவு தெரிகிறது என்றால், டீலர் தலையில் கட்டுவதற்குக்கூட இனி இடமில்லை என்று அர்த்தம். டீலர் ஒன்றும் புத்தர் அல்ல. அதையும் சொல்லிவிடுவோம். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று பெயர் வைத்துப் பணம் வாங்கியவர்தான். சீட் கவர், கிராஷ் கார்டு எல்லாவற்றையும் நம் தலையில் கட்டியவர்தான். ஆனால் அவர் தலையில் கட்டியவர்கள் வேறு ரகம்.

2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் கவிழ்ந்தது. அரசு வங்கிகளும் எல்.ஐ.சி.யும் பங்கு வைத்திருந்த மாளிகை அது. மும்பையில் மாளிகை சரிந்தால் மணப்பாறையில் பைக் லோன் நிற்கும். நின்றது. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் கையை இறுக்கிக்கொண்டன. ஷோரூமில் மேசை போட்டு உட்கார்ந்து, ஆதாரும் இரண்டு போட்டோவும் கொடுத்தால் அரை மணியில் லோன் போட்டவர்கள் அவர்கள்தான். அதே மாதத்திலிருந்து, புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேல் ஏ.பி.எஸ்., கீழே சி.பி.எஸ். பிரேக் கட்டாயம். 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 புகை விதி. பிரேக் வேண்டாம் என்றோ புகை வேண்டும் என்றோ யாரும் சொல்லவில்லை. நல்ல காரியங்கள். எல்லா நல்ல காரியங்களுக்கும் ஒரே ஆளின் சட்டைப் பையில், ஒரே வேகத்தில் கைவிட்டார்கள் என்பதுதான் விஷயம். போதாததற்கு 2025க்குள் 150 சி.சி.க்குக் கீழே எல்லாம் மின்சார வண்டியாக வேண்டும் என்று நிதி ஆயோக் கிளம்பியது. அதற்கான திட்டத்தை எழுதித் தர கம்பெனிகளுக்கு 2019 ஜூனில் கொடுத்த அவகாசம் இரண்டு வாரம். நம் வீட்டு கேஸ் சிலிண்டர் புகாருக்குக்கூட அதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்வார்கள்.

இனி வரி. பட்டை தீட்டாத வைரத்துக்கு ஜி.எஸ்.டி. 0.25 சதவீதம். தங்கத்துக்கு 3. நூறு சி.சி. பைக்குக்கு அன்று 28. பான் மசாலா, கோலா, சூதாட்ட விடுதி எல்லாம் குடியிருந்த அதே தெருவில் நம் கொத்தனாரின் வண்டியையும் குடி வைத்தார்கள். கழுத்தில் வைரம் போட்டவர் ஏழை. கரண்டியும் ரசமட்டமும் பையில் போட்டு வேலைக்குப் போகிறவர் ஆடம்பரப் பிரியர்.

இதைத் திருத்தச் சொல்லி வாகனத் துறை கெஞ்சியது. 2019 செப்டம்பர் 20 அன்று கோவாவில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. ஊரைக் கவனியுங்கள், கோவா. வண்டிகளுக்கான 28 சதவீதம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. அதே கூட்டத்தில் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஹோட்டல் அறைகளுக்கான வரி 28லிருந்து 18 ஆகக் குறைந்தது. அறை அத்தியாவசியம். அதைப் பெருக்க வருகிறவரின் மொபெட் ஆடம்பரம்.

அன்றைய நாளின் முக்கியச் செய்தி அதுவும் அல்ல. கம்பெனிகளின் வருமான வரி 30லிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. அரசு விட்டுக்கொடுத்த தொகை ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. பங்குச் சந்தை துள்ளியது. டீலருக்கு? அப்பாவும் மகனும் மருமகனுமாகப் பங்குதாரர் நிறுவனம் வைத்து நடத்தும் கடை, சட்டப்படி கம்பெனியே அல்ல. அதற்கு அந்தச் சலுகை பொருந்தாது. பொருந்தினாலும் லாபத்தின் மீதுதானே வரி? அவரிடம் இருந்ததெல்லாம் நஷ்டம். நஷ்டத்துக்கு வரி போட இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. சும்மா இருப்போம்.

இரண்டு நாள் கழித்து ஹூஸ்டனில் ஒரு ஸ்டேடியம் நிறைந்த கூட்டத்தின் முன் நின்று, இந்தியாவில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பிரதமர் பல இந்திய மொழிகளில் சொன்னார். “எல்லாம் சௌக்கியம்” என்பதும் அதில் ஒன்று. கைதட்டல்.

டீலர்களுக்கு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். 2019 ஆகஸ்ட் 23 அன்று நிவாரணம் அறிவித்தார்கள். அரசுத் துறைகள் இனி புது வண்டி வாங்கலாம், தடை நீக்கம். ஆக, உங்கள் ஊரில் ஷோரூம் மூடினாலும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் புது ஜீப் நிற்கும். கண்ணுக்குக் குளிர்ச்சி.

அடுத்த அடி 2020 மார்ச். ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4 வண்டிகளை விற்கக் கூடாது. மார்ச் 25 முதல் வீட்டைவிட்டு யாரும் வெளியே வரக் கூடாது. விற்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. உச்ச நீதிமன்றம் மீதி ஸ்டாக்கில் பத்து சதவீதத்தை, ஊரடங்கு முடிந்தபின் பத்து நாளுக்குள் விற்கலாம் என்று அனுமதித்தது. அனுமதித்ததைவிட அதிகம் விற்றுவிட்டார்கள் என்று ஜூலையில் அதையும் திரும்பப் பெற்றது. வட்டியைத் திரும்பப் பெற யாரும் உத்தரவிடவில்லை.

அதே 2020 செப்டம்பரில் ஹார்லி டேவிட்சன் இந்தியாவில் விற்பதையும் தயாரிப்பதையும் நிறுத்துவதாக அறிவித்தது. இந்த வண்டிக்குத்தான் அமெரிக்க அதிபர் டிரம்ப் வரி வரி என்று மேடைதோறும் புலம்பினார். டெல்லி பயபக்தியோடு 2018இலேயே இறக்குமதி வரியை 50 சதவீதமாகக் குறைத்துக் கொடுத்தது. வண்டிக்காக ஒரு வல்லரசின் அதிபர் பேசினார். அதை விற்ற 35 டீலர்களுக்காக ஒரு கவுன்சிலர்கூடப் பேசவில்லை. டீலர்களுக்கு 130 கோடி வரை நஷ்டம், 2,000 பேருக்கு வேலை இழப்பு என்றது சம்மேளனம். கம்பெனி சொன்ன டைல்ஸ், கம்பெனி சொன்ன விளக்கு, கம்பெனி சொன்ன நாற்காலி என்று போட்ட கடை. கம்பெனி விமானம் ஏறியபின் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கலாம். டீலரைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று சம்மேளனம் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்பது ஜனநாயக உரிமை.

பைக் ஆடம்பரப் பொருளா என்ற கேள்விக்கு வருவோம். 2020 ஆகஸ்டில் நிதியமைச்சரே தொழிலதிபர்கள் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். இருசக்கர வாகனம் ஆடம்பரமும் அல்ல, பாவப் பொருளும் அல்ல, வரியை மறுபரிசீலனை செய்ய வேண்டியதுதான் என்றார். வரி குறைந்த நாள் 2025 செப்டம்பர் 22. பாவம் இல்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகு ஐந்து வருடம் ஜெயில்.

அந்த விடுதலையையும் டீலர் செலவில்தான் கொண்டாடினார்கள். வரி குறையப்போகிறது என்று செங்கோட்டையில் பிரதமர் சொன்னது ஆகஸ்ட் 15. அமலுக்கு வந்தது செப்டம்பர் 22. இடையில் ஐந்து வாரத்துக்கும் மேல். விலை குறையும் என்று கொடியேற்றிச் சொன்ன பிறகு எந்த மடையன் வண்டி வாங்குவான்? வந்தவர்கள் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தார்கள், கலரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏ.சி.யில் பத்து நிமிடம் உட்கார்ந்தார்கள், “அடுத்த மாசம் வர்றேங்க” என்று கிளம்பினார்கள். குடோனில் பண்டிகை ஸ்டாக். வங்கியில் பண்டிகை வட்டி.

பிறகு நன்றி சொல்லும் படலம். பழைய விலை, புதிய விலை, பிரதமர் படம் மூன்றும் உள்ள போஸ்டரை ஷோரூம்களில் வைக்கும்படி உற்பத்தியாளர் சங்கம் உறுப்பினர்களிடம் கேட்டுக்கொண்டதாகச் செய்தி வந்தது. நல்ல யோசனை. இடையில் மூடிப்போன கடைகளில்தான் சிக்கல். அந்தக் கதவுகளில் வங்கி ஏற்கெனவே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அதைக் கிழித்தால் குற்றம்.