மஞ்சள் ஒயர், சிவப்பு ஒயர்: மாருதி 800 பாட்டு செட் தத்துவத்துக்கு ஒரு முன்னுரை

தத்துவ விசாரம் ஆற்றங்கரை மண்டபங்களில் நடந்த காலம் போயிற்று. இன்று அது நடப்பது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், கதவு திறந்து நிற்கும் கார்களின் டேஷ்போர்டுக்கு அடியில். விசாரிப்பவர் மல்லாந்து கிடப்பார். கால்கள் சாலையில், தலை பெடலுக்குப் பக்கத்தில், பல்லிடுக்கில் ஒயர். அவர் சீவித் துப்பும் பிளாஸ்டிக் தோலின் நிறத்தை வைத்தே அவர் எந்த மரபினர் என்று சொல்லிவிடலாம் என்பது இவ்வாய்வின் துணிபு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மாருதி 800, ஏசி இல்லாத சாதா மாடல். 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்ததிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை, இந்திய நடுத்தரக் குடும்பம் முதன்முதலாக வாங்கிய கார் பெரும்பாலும் இதுவே. மூன்று சிலிண்டர், 796 சிசி. பாட்டுக்கு வழி செய்துகொள்வது வாங்கியவர் பாடு. அந்தப் பாட்டைத்தான் இங்கே ஆராய்கிறோம்.

புது செட்டின் முதுகில் ஒயர்கள் கொத்தாகத் தொங்கும். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்ட ஜோடி மைனஸ். நீலம் ஏரியலைத் தானாக உயர்த்தும் மோட்டாருக்கு. 800-இல் ஏரியலை உயர்த்துவது கை. எனவே நீலத்தை மடித்து டேப் சுற்றிவிட்டு மேலே செல்வோம். மீதமுள்ள மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூன்றில்தான் தத்துவம் முழுதும் அடங்கியிருக்கிறது. மஞ்சளுக்கு எந்நேரமும் பாட்டரியின் 12 வோல்ட் வேண்டும். கடிகாரமும் பதிந்துவைத்த ஸ்டேஷன்களும் அதனால் உயிர்வாழ்கின்றன. சிவப்புக்குச் சாவி திருகினால்தான் வோல்ட். மஞ்சள் நினைவு, சிவப்பு விழிப்பு. கறுப்பு எர்த்.

இனி மரபுகள்.

மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நேரே பாட்டரியில் கொடுப்போர் அத்வைதிகள். இவர்களுக்குச் சாவி என்பது மாயை. கல்யாண மண்டப வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டும் பாட்டு கேட்கலாம் என்பதே இம்மரபின் வசீகரம். ஆனால் செட்டை அணைக்க மறந்தால்? சத்தத்தைக் குறைத்துவிட்டு இறங்கியவர் அணைத்துவிட்டதாகவே நினைப்பார். சும்மா இருக்கும் செட் ஒரு ஆம்பியர் குடிக்கிறது என்று கொண்டால், 35 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றரை நாளில் காலி. சனிக்கிழமை இரவு நிறுத்திய வண்டி திங்கள் காலை தெருவார் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். இம்மரபில் மோட்சம் அடைவது பாட்டரி மட்டுமே.

இரண்டையும் முறுக்கிச் சாவிக்குப் பின்னால் கொடுப்போர் கணபங்கவாதிகள். ஒவ்வொரு கணமும் எல்லாம் அழிந்து பிறக்கிறது என்னும் பௌத்தக் கொள்கையைக் கேள்விப்படாமலேயே நிறுவியவர்கள். சாவியை எடுத்ததும் செட் இறக்கிறது. போட்டதும் முற்பிறவி நினைவின்றிப் பிறக்கிறது. பெட்ரோல் போட நிறுத்திக் கிளப்பினால் மணி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதலில் தொடங்கியது சென்னையில், 1977-இல். அந்த ஊரிலேயே ஒவ்வொரு பங்கிலும் ஸ்டேஷனைத் தேடித் தேடிப் பதிவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

மூன்றாமவர் விசிஷ்டாத்வைதிகள். இரண்டையும் இணைத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் தனியாக ஒரு சுவிட்சைத் தொங்கவிடுவர். இருப்பது ஒரே பொருள்தான், ஆனால் ஒரு விசேஷணத்தோடு. சுவிட்ச் இருக்குமிடம் உரிமையாளருக்கு மட்டுமே தெரியும். வேறு யார் ஓட்டினாலும் சரணாகதிதான்.

மஞ்சள் வேறு, சிவப்பு வேறு என்னும் துவைதமே இவ்வாய்வாளரின் சித்தாந்தம். மஞ்சளை ஃப்யூஸ் வழியாகப் பாட்டரிக்கும், சிவப்பைச் சாவியின் ஏசிசி நிலைக்கும் தனித்தனியே இழுக்க வேண்டும். மஞ்சள் தூக்கத்தில் குடிப்பது சில மில்லி ஆம்பியர்தான். பாட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இங்கே எழும் பூர்வபட்சம் அறிந்ததே: “அண்ணே, கலரெல்லாம் பாக்காதீங்க. டெஸ்ட் லேம்ப் எரியுதா, அவ்ளோதான்.” இதில் பாதி உண்மை. செட்டின் ஒயருக்கு நிற ஒழுங்கு உண்டு. பல கை மாறிய வண்டியின் ஒயருக்குக் கிடையாது. அலாரம், ரிவர்ஸ் மியூசிக், கூடுதல் ஹாரன் என்று முந்தைய உரிமையாளர் ஒவ்வொருவரும் ஒரு இடைச்செருகல் செய்திருப்பார். ஆகவே வண்டிப் பக்கம் டெஸ்ட் லேம்ப்தான் பிரமாணம். ஆனால் அதைச் சாவியில்லாமல் ஒரு முறை, சாவியோடு ஒரு முறை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது தடவை பார்க்கிற பழக்கமே பலரிடம் இல்லை.

கறுப்பைப் பற்றி மரபுகள் அனைத்தும் மௌனம் சாதிப்பது வியப்பு. கைக்கு எட்டிய ஸ்குருவில் அதைச் சுற்றிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அந்த ஸ்குருவோ பெயின்டின் மேல் உட்கார்ந்திருக்கும். நல்ல எர்த் கிடைக்காத மின்சாரம் ஏரியல் கேபிளின் மேலுறை வழியாகக் கள்ளத்தனமாக பாடியைப் போய்ச் சேரும். செட்டும் பாடும், கரகரப்போடு. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னணியில் ஒரு கொசு சுருதி ஏற்றிக்கொண்டே போகும். அது ஆல்டர்நேட்டரின் குரல். பழியெல்லாம் செட்டுக்கு. ஸ்குரு டிரைவர் முனையால் பெயின்டைச் சுரண்டி, வெள்ளைத் தகரம் தெரிந்தபின் கறுப்பை இறுக்கினாலே பெரும்பாலும் கொசு போய்விடும்.

ஸ்பீக்கருக்கும் இதே கறுப்பால் ஒரு கண்டம் உண்டு. அந்தக் கால கேசட் செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் மைனஸை பாடியில் கொடுத்தாலே போதும். இன்றைய செட்டில் அந்த மைனஸிலும் மின்சாரம் ஓடுகிறது; பாடியில் பட்டால் ஐசி போயிற்று. பிளஸ், மைனஸ் மாறினால் எதுவும் எரியாது. ஆனால் இடது ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது வலது உள்ளே இழுக்கும். இளையராஜாவின் பேஸ் கிடார் காணாமல் போய்விடும். பேனா பாட்டரி ஒன்றை ஸ்பீக்கர் ஒயரில் ஒரு கணம் தொட்டால் கூம்பு எந்தப் பக்கம் அசைகிறது என்று தெரியும். வெளியே அசைந்தால் பிளஸ் சரி.

அட்டைப்பெட்டி மேல் அச்சிட்ட ‘50 வாட்ஸ் × 4’ பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டை அதாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.84. சுத்தமான ஸ்வரத்துக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. செட்டின் முதுகில் இருக்கும் 10 ஆம்பியர் ஃப்யூஸே இதற்குச் சாட்சி: அதன் வழியாக 144 வாட்ஸுக்கு மேல் உள்ளே போக முடியாது, வெளியே மட்டும் 200 வருமாம். அந்த ஃப்யூஸ் போனால் சிகரெட் ஈயத்தாள் சுற்றுவதை எந்த மரபும் ஆதரிக்கவில்லை என்று நம்புகிறோம்.

எலக்ட்ரீஷியன் அண்ணன்மாருக்கு ஒரு விண்ணப்பம். செட்டோடு வரும் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு ஒயரை ஒயரோடு முறுக்காதீர்கள். முறுக்கித்தான் ஆகவேண்டுமென்றால் ஈயம் வைத்துவிட்டு டேப் சுற்றுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் வெறும் டேப் பசை இளகிக் கழன்றுகொள்ளும். அப்போது அதற்கடியில் இருப்பது மஞ்சள் ஒயராக இருந்தால், சாவியை எடுத்தாலும் அதில் கரன்ட் நிற்காது.