கிடங்குக்காரர் பெட்டியை இழுக்காமை குறித்து

ஜப்பானின் தக்கராசுகா நகரில் ஹிரோயுகி இமாபயாஷி என்பவர் உருவாக்கி, அவருடைய திங்க்கிங் ராபிட் நிறுவனம் 1982இல் வெளியிட்ட கணினி விளையாட்டு சோகோபன். இதன் நாயகர் ஒரு கிடங்குக்காரர். பெட்டிகளைக் குறித்த இடங்களில் கொண்டுசேர்ப்பது அவர் தொழில். அதற்கு விதிகள் இரண்டு: ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் நகர்த்தலாம், அதையும் தள்ளலாமே தவிர இழுக்கக் கூடாது. முன்னது தேகபலம் பற்றியது, விட்டுவிடலாம். பின்னதற்கு உரை கண்டவர் எவரும் இல்லாமையால் இக்கட்டுரை எழுந்தது.

அவருக்குக் கை இல்லை என்பாரும் உளர். பொருந்தாது, கையோடு வரைந்த பதிப்புகள் பல. பெட்டியில் பிடி இல்லை எனின், கயிறு கட்ட எவ்வளவு நேரமாகும்? முதலாளியின் உத்தரவு எனின், முதலாளி எந்த லெவலிலும் தலைகாட்டியதில்லை. தலைகாட்ட வாசலும் கிடையாது. நாற்புறமும் சுவர் எழுப்பிய கிடங்குக்குள் சரக்கு எவ்வழி வந்தது என்பது வேறொருவர் பட்டம் வாங்க வேண்டிய பொருள்.

இழுக்காமையால் விளைவதோ பெருந்துன்பம். மூலையில் போய் முட்டிய பெட்டி, அந்த மூலையே அதற்குரிய இடமாக இருந்தாலொழிய, மீளாது. சுவரையொட்டி இரண்டு பெட்டிகள் அருகருகே அமர்ந்துவிட்டால் ஒன்றையொன்று காவல் காத்து இரண்டுமே அசையா. இதில் கொடுமை, காரியம் கெட்டதென்று ஆட்டம் வாய்திறந்து சொல்லாது. ஐந்தாம் தள்ளலில் செத்துப்போன ஆட்டத்தை ஐம்பதாம் தள்ளல்வரை உற்சாகமாக ஆடலாம், பலர் ஆடுகிறார்கள். ஆறே பெட்டிகள் கொண்ட முதல் லெவலுக்கே குறைந்தது 97 தள்ளல்கள் வேண்டும்.

இது நம் மந்தபுத்தியின் கோளாறு அன்று. கணினிக்கே மிகக் கடினமான ‘பி-ஸ்பேஸ்’ வகைக் கணக்குகளின் கடுமைக்கு இந்த ஆட்டம் சற்றும் குறைந்ததன்று என்று கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து ஜோசப் கல்பர்சன் 1997இல் நிறுவினார். அதே பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் யுங்ஹான்ஸும் ஜொனாதன் ஷேஃபரும் இந்த ஆட்டத்தைத் தீர்க்க ‘ரோலிங் ஸ்டோன்’ என்றொரு நிரல் எழுதினார்கள். பலரும் அளவுகோலாகக் கொள்ளும் 90 லெவல்களில் பாதிக்கு மேல்தான் அதற்கு வசப்பட்டது. செக்கர்ஸ் ஆட்டத்துக்கு 2007இல் தீர்வு கண்ட குழுவின் தலைவர் இந்த ஷேஃபர்தான். அப்பேர்ப்பட்டவரையே இப்படி நிறுத்திவைக்கும் ஒரு கூலித் தொழிலாளியின் பிடிவாதத்தை என்னால் மரியாதையோடுதான் பார்க்க முடிகிறது.

சரி, இழுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். தள்ளிய ஒவ்வொரு தள்ளலையும் வந்தவழியே இழுத்து மாற்றிவிடலாம். மீளாத தவறு என்று ஒன்று இராது. அவருக்கு இழுக்கத் தெரியும் என்பதற்கு இங்கேதான் சான்று அகப்படுகிறது. பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் ‘அண்டூ’ பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் கிடங்குக்காரர் பின்னால் ஓரடி வைக்கிறார். பெட்டி அவரைத் தொடர்ந்து வருகிறது. இழுத்தல் அல்லாமல் இது வேறென்ன? அது காலம் பின்னோக்கி ஓடுவது, இழுத்தல் ஆகாது எனின், தீர்வு தேடும் நிரல்கள் சிலவும் பெட்டிகளை முதலிலேயே உரிய இடங்களில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி இழுத்துத்தான் வழி கண்டுபிடிக்கின்றன என்க.

ஆகவே அவருக்கு இழுக்கத் தெரியாது என்ற வாதம் தள்ளுபடி ஆகிறது. தெரிந்தும் செய்யாதவர் என்பதே முடிபு. காரணம் அவருடைய சம்பளப் பட்டியலில் இருக்கக்கூடும். அதைக் கேட்டுப் பார்க்கலாமென்றால், அந்தக் கிடங்கில் ஓர் ஆபீஸ் அறைகூட இல்லை.