அவரைக்கு எதுக்கு கண்ணு ஜாதகம்?

ஏங்கண்ணு, மொட்டை மாடியில தோட்டம் போடறியாமா? நல்ல காரியம். ஆனா எந்த அவரை ருசி, எந்த பீன்ஸு ருசின்னு சித்திரையில இருந்து போனையே தடவிக்கிட்டு இருக்கியாமே? உங்க ஆத்தா சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. ஜாதகத்தையே பொரட்டிக்கிட்டு இருந்தா கண்ணாலம் எப்பத்தான் ஆகறது?

பை வாங்கியாச்சு. தேங்காய் நார்த்தூள் வாங்கியாச்சு. மண்ணு புளிப்பா உப்பான்னு பாக்கறதுக்கு ஒரு குச்சி வேற. விதை மட்டும் இன்னும் வாங்கலை!

அன்னிக்கு ஊதா நெறத்துல ஒரு சீமை பீன்ஸு விதையைக் காட்டுனே. நெம்ப விலை. அழகுதான், ஆரு இல்லைன்னது? அதை வேக வெச்சுப் பாத்திருக்கியா? கொதிக்கற தண்ணியில விழுந்ததும் ஊதாவெல்லாம் ஓடிப்போயி பச்சையா நிக்கும். போட்டோ புடிக்கோணும்னா செடியில இருக்கறப்பவே புடிச்சுக்க. சட்டிக்குள்ள போயிட்டா அதுவும் சந்தை பீன்ஸும் ஒண்ணுதான்.

பீன்ஸு நம்மூருச் சரக்கே கெடையாது. அமெரிக்காக் கண்டத்துல இருந்து வந்தது. குளிரு கேக்கும். ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் அது பாட்டுக்கு வரும். நம்ம பக்கம் பங்குனி வெய்யில்ல மாடியில வெச்சீன்னா, பூத்ததெல்லாம் தரையில கெடக்கும். ஆசை உடலைன்னா ஐப்பசியில ஊணு. மார்கழியில ரெண்டு பொரியலுக்கு ஆகும்.

அவரைக்கு வா. பந்தல் அவரையை ஆடியில ஊணுவோம். பகல் சுருங்குனாத்தான் அது பூக்கும். அதனால ஐப்பசி வரைக்கும் வெறுங்கொடியா ஓடும். அதுக்குள்ள உன்னையாட்ட ஆளுக்குப் பொறுக்குமா? "ஐயோ, பூக்கலையே"ன்னு யூரியாவை அள்ளிக் கொட்டுவே. அப்பறம் எலை மட்டும் யானைக் காதாட்டம் வரும், காயைக் காணோம். ஒரு கொடியைப் புடுங்கி வேரைப் பாரு, குட்டிக் குட்டி முடிச்சா இருக்கும். காத்துல இருக்கற தழைச்சத்தை அந்த முடிச்சுலதான் அது புடிச்சு வெச்சுக்குது. அதுக்கு நீ ஊட்டி உடோணுமா?

பொறுமையே இல்லைங்கறியா? வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க கோயமுத்தூர்ல கோ 13, கோ 14ன்னு குத்து அவரை கண்டுபுடிச்சு உட்டிருக்காங்க. பந்தலும் வேண்டாம், பட்டமும் பாக்காது. காய்ப்புக்குக் கொறையில்லை. ருசி? மார்கழிப் பனியில நனைஞ்ச கொடிக்காய்க்கு அடுத்ததாத்தான் நான் சொல்லுவேன். என்ற நாக்கு பழசு, அதையும் கணக்குல வெச்சுக்க.

ருசி பொட்டலத்து மேல இருக்கற பேருல இல்லை கண்ணு. காத்தால வெளிச்சத்துக்கு நேரா காயைத் தூக்கிப் புடி. உள்ளுக்குள்ள கொட்டை நெழலாட்டம் தெரிஞ்சும் தெரியாம இருக்கோணும். மேல தடவுனா மேடு தட்டப்படாது. ஒடிச்சா 'சடக்'குன்னு ஒடியோணும், நாரு மெல்லுசா வரோணும். அன்னிக்கே பறிச்சு அன்னிக்கே ஆக்கு. நாலு நாள் பெட்டியில பூட்டி வெச்சீன்னா எந்தச் சாதி அவரையும் சக்கைதான். ஆயிரம் ரூவா விதை போட்டு, ஞாயித்துக்கெழமை பறிச்சுக்கலாம்னு முத்த உடறவனை என்னன்னு சொல்லறது?

மொச்சைக்கு மட்டும் இந்தக் கணக்கு வேற. அங்க கொட்டைதான் ருசி, கொட்டை திரளோணும். பனி எறங்குன காலத்துக் காயை உரிச்சா வெரல்ல பிசுபிசுன்னு ஒட்டி மணக்கும். அந்த மணத்துக்காவத்தான் பெங்களூருக்காரங்க குளிருகாலத்துல அவரைக்காய்க்குன்னே மேளா போடறாங்க. கத்திரிக்காயோட குழம்பு வெச்சு, களிக்குத் தொட்டுப் பாரு. அப்பறம் சீமை விதையைத் தேடுவியா நீ?

அப்பறம், ஊருல ஆரோ வெச்சான்னு நீயும் வெக்காதே. உங்கூட்டுல என்ன திங்கறாங்கன்னு பாரு. தேங்காய் போட்டுப் பொரியலா? சதையா இருக்கற பட்டை அவரை. வெய்யில்ல காயற மாடியா? கொத்தவரை தாங்கும், லேசாக் கசக்கும், பருப்பு உசிலிக்கு அது பொருந்தும். பெருசா தொங்கோணும்னு ஆசையா? தம்பட்டங்காய். அதைப் பிஞ்சுலயே பறிச்சுரு. முத்துன கொட்டையை நல்லா வேக வெச்சுத் தண்ணியைக் கொட்டாமத் தின்னா வவுறு பேசும்.

அசுவினி ஏறுச்சுன்னா மருந்துக் கடைக்கு ஓடாதே. பனி ஈரத்தோட வெறகுச் சாம்பலைத் தூவு. சாம்பலுக்கு எங்க போறதுன்னு கேப்பே. அதுவும் ஆன்லைன்ல விக்குதாம், கேள்விப்பட்டேன்!

விதைக்கு என்ன பண்ணறது? உங்க தெருவுல வேலி மேல அவரை படர உட்டிருக்கற ஆத்தா ஒண்ணு கட்டாயம் இருக்கும். மொதல்ல அந்தக் காயை வாங்கி ஆக்கித் தின்னு பாரு. நாக்குக்குப் புடிச்சுதா, கொடியிலயே முத்திக் காஞ்ச காயா நாலு கேளு. அவரை பெரும்பாலும் தன் பூவுலயே மகரந்தம் சேத்துக்கற சாதி. தாய்க்கொடி எப்படியோ அப்படித்தான் மகளும் காய்க்கும். வீரிய ஒட்டு விதையில இந்த நம்பிக்கை கெடையாது, வருசா வருசம் கடைக்கு அழுவோணும்.

காய்க்கற காலத்துலயே போயிட்டு வந்துரு, ஆடிக்கு விதை கையில இருக்கும். போறப்ப வெறுங்கையோட போகாதே, ரெண்டு வெத்தலை பாக்காவது வாங்கிட்டுப் போ.