தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் திருச்சமுகத்துக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு அவர்களின் சமுகத்துக்கு, கள்ளக்குறிச்சி ஜில்லாவாசி ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பமாவது:

15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் தாயாகிவிட்டவர்களும் கர்ப்பம் தரித்திருப்பவர்களுமாகச் சேர்த்து, பாரத தேசத்தில் 2005-06இல் நூற்றுக்கு 16 பேர் இருந்தார்கள் என்றும், அது 2015-16இல் 7.9 ஆகி, 2019-21இல் 6.8 ஆயிற்று என்றும் தாங்கள் அருளியிருக்கும் கணக்கைக் கண்டு புளகாங்கிதம் அடையாதவன் தேசபக்தனாக இருக்க முடியாது. அமெரிக்காவிலும் 1991இல் ஆயிரத்துக்கு 61.8 ஆக இருந்த இளவயதுப் பிரசவம் 2022இல் 13.6 ஆக இறங்கிற்று. ஆயினும் அத்தாய்மாரில் பெரும்பாலோர் மணமாகாதவர்கள், நம் பெண்களோ முறைப்படி தாலி ஏற்றவர்கள் ஆதலால், நம்முடைய எண்ணிக்கையில் தர்மமும் கலந்திருக்கிறது.

ஒரு சிறு சங்கடம். தேசம் 7.9இலிருந்து 6.8க்கு இறங்கிய அதே காலத்தில், நம் தமிழ்நாடு 5.0இலிருந்து 6.3க்கு ஏறிவிட்டது. 18 வயதுக்கு முன் மணமானவர்களோ சுமார் 16 சதவிகிதத்திலிருந்து 12.8 ஆகக் குறைந்தார்களாம். கல்யாணம் குறையக் கர்ப்பம் கூடுவானேன் என்று பாமரன் கேட்டால், முன்னது இருபது வயதைத் தாண்டியவர்களின் பழங்கதை, பின்னது இன்றைய நடப்பு என்று பண்டிதர்கள் சமாதானம் சொல்லுவார்கள். ஒப்புக்கொள்கிறேன், அப்படியானால் இன்றைய நடப்பு அல்லவா ஏறுமுகமாக இருக்கிறது!

எங்கள் ஜில்லாவின் நிலவரம் என்னவென்று தேடினேன், அகப்படவில்லை. 2019 நவம்பர் 26ஆம் தேதி உதயமான கள்ளக்குறிச்சிக்கு, 2017ஆம் வருஷத்து ஜாபிதாவை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் 32 ஜில்லாக்களை மட்டும் எண்ணிய தங்கள் 2019-21 அட்டவணையில் இடமில்லை. சிசுவைத் தாய்மடியில் வைத்தே எண்ணியது நியாயந்தான். ஆனால் தாய் ஜில்லாவான விழுப்புரத்தின் சமவெளியோடு எங்கள் கல்வராயன் மலையையும் சேர்த்துச் சராசரி எடுத்தபோது மலை இருந்த இடமே தெரியாமல் போயிற்று.

அந்த மலையிலோ, 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலையாளிப் பழங்குடி ஜனங்கள், குச்சிக்கிழங்கும் சாமையும் வயிற்றுக்குப் போதாத மாதங்களில் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாவது முடித்துத் திரும்பிய பெண்ணை யாரிடம் விட்டுப் போவது என்ற கேள்விக்கு எந்த இலாகாவும் பதில் சொல்லாதபடியால், தகப்பன் தனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறான்: தாலி.

அதன் பிறகுதான் சர்க்காரின் கருணை ஆரம்பமாகிறது. 18 நிரம்பாத கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்கு வந்தால், 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசாருக்குத் தெரிவித்தாக வேண்டும்; தெரிவித்தால் புருஷன் சிறைக்குப் போவான் என்று அஞ்சி, அதிகப் பராமரிப்பு வேண்டிய கர்ப்பிணியே ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறாள். பெண்களின் மணவயதை உயர்த்தப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் வழங்கும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவியும் 19 வயது நிரம்பியவளுக்கே உரியது. சத்துக் குறைந்த பதினாறு வயதுத் தாய், தன் வயதுக் குற்றத்துக்காக அந்தச் சத்துக்கான பணத்தையும் இழக்கிறாள்.

"வயசு என்னம்மா?" என்று செவிலியர் கேட்டால், பெண் வாய் திறக்குமுன் மாமியார், "பத்தொம்போது முடிஞ்சு இருவது நடக்குதுங்க" என்கிறாள். தங்கள் கணக்கெடுப்பாளர் வந்து கேட்கும்போது, பணத்துக்கும் பயத்துக்குமாகப் பாடமான அந்தப் பதில் சற்றே நீண்டு இருபத்தொன்றாகிவிட்டால், அவள் தங்கள் வயது வரம்பிலிருந்தே தப்பிவிடுகிறாள். உண்மை சொன்னாலும் பயனில்லை: பதினைந்து வயதுக் குழந்தையும், சட்டப்படி மணந்த பத்தொன்பது வயது மனைவியும் ஜில்லாச் சுருக்கத்தில் ஒரே எண்ணாகிவிடுகிறார்கள்.

ஆகவே அடுத்த முறை அவ்விருவரையும் பிரித்து எழுதவும், மலைக்குத் தனியாக ஒரு வரி ஒதுக்கவும், வயதைக் கேட்கும் வேளையில் மாமியாரைச் சற்று வாசலில் உட்கார்த்திவைக்கவும் உத்தரவாக வேண்டும். அந்த மலையிலுள்ள வெள்ளிமலைக்குக் கச்சிராயபாளையம் வழியாக பஸ் இருக்கிறது.

இங்ஙனம்,
கள்ளக்குறிச்சி ஜில்லாவாசி ஒருவன்